படகுப் பிளாஸ்டிக் மங்கினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் நிபோங் திபாலில் நான் நடத்தும் பட்டறை, மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் என்றுதான் தொடங்கியது. ஆனால் ஊரை ஒட்டியே கிரியான் ஆறு ஓடுகிறதே! கரும்பு போய், ரப்பர் போய், செம்பனை வந்த தோட்டங்களிலிருந்து தாமான் என்ற குடியிருப்பு வீடுகளுக்குக் குடிவந்தவர்களில் பலர், ஓய்வு பெற்ற கையோடு ஒரு சின்ன ஃபைபர் போட்டும் பின்னால் மாட்டும் எஞ்சினும் வாங்கிவிடுகிறார்கள். எஞ்சினைக் காட்ட வருகிறவர்கள், போகிற போக்கில் "இந்தக் கண்ணாடி ஏன்ணே பால் மாதிரி ஆயிடுச்சு?" என்று கேட்பார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

வாங்கும்போது பளிங்கு மாதிரி இருந்தது. மூன்றே வருஷத்தில் எப்படி மங்கியது?

நாம் எல்லாவற்றையும் கண்ணாடி என்கிறோம். சின்னப் படகில் உண்மையான கண்ணாடி அநேகமாக இருக்காது. காற்றை மறைக்கும் முன்தடுப்பு, திசைகாட்டியின் குமிழ், விளக்கு மூடி, மீட்டர் முகப்பு எல்லாமே பிளாஸ்டிக்தான்.

வெயில் ஒரு காரணம். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 5 பாகை வடக்கே இருக்கிறது. பன்னிரண்டு மாதமும் புற ஊதாக் கதிர் தலைக்கு மேல். அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. பாலிகார்பனேட் என்றால் மஞ்சள் பூக்கும். அக்ரிலிக் கொஞ்சம் அதிகமாகத் தாங்கும்.

ஆனால் என் பட்டறைக்கு வரும் சாமான்களைப் பார்த்துச் சொல்கிறேன், வெயிலைவிடத் துடைக்கிற கைதான் அதிகக் கேடு செய்கிறது. கோலாவிலிருந்து, அதாவது ஆற்று முகத்திலிருந்து, திரும்பும்போது தண்ணீர் தெறித்துக் காய்ந்து, உப்பும் ஆற்றுச் சேறும் மேலே படிந்திருக்கும். சேற்றில் நுண்மணல் உண்டு. அதன் மேல் காய்ந்த துணியைப் போட்டு அழுத்தி ஒரு இழு இழுத்தால், உப்புத்தாளால் தேய்த்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதையே செய்தால் மூன்று வருஷம் தேவையே இல்லை.

தேய்த்தால் சரியாகுமா ஆகாதா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

இருக்கிறது, காசும் செலவில்லை. நன்றாகக் கழுவிய பிறகு அந்த இடத்தைத் தண்ணீரால் நனைத்துப் பாருங்கள். நனைந்திருக்கும்போது தெளிவாகி, காய்ந்ததும் மறுபடி மங்கினால், கோளாறு மேற்பரப்பில்தான். தேய்த்துச் சரிசெய்யலாம். நனைத்தும் மங்கலாகவே இருந்தால் கோளாறு உள்ளே இருக்கிறது, அல்லது பின்பக்கம், அல்லது மேல்பூச்சுக்கு அடியில். என்ன தேய்த்தாலும் கை வலிதான் மிச்சம்.

இது வேலை செய்யும் காரணம் எளிது. ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வளைகிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1, தண்ணீருக்கு 1.33, அக்ரிலிக்குக்கு 1.49, பாலிகார்பனேட்டுக்கு ஏறக்குறைய 1.58. கீறலுக்குள் காற்று இருந்தால் வித்தியாசம் பெரிது, ஒளி நாலாபக்கமும் சிதறுகிறது; அதைத்தான் மங்கல் என்கிறோம். கீறலைத் தண்ணீர் நிரப்பினால் வித்தியாசம் குறைந்து, சிதறலும் குறைகிறது.

தேங்காய் எண்ணெய் தடவினால் உடனே பளிச்சென்று ஆகிவிடுகிறதே, அது போதாதா?

அதே கணக்குதான். தேங்காய் எண்ணெயின் எண் ஏறக்குறைய 1.45, தண்ணீரைவிட அக்ரிலிக்குக்கு நெருக்கம். அதனால்தான் அப்படி ஒரு மாயம் காட்டுகிறது. கீறல் போகவில்லை, எண்ணெய் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் தூசியெல்லாம் வந்து ஒட்டும். அடுத்த மழையில் போய்விடும். பழைய போட்டை விற்கப் போகிறவர்கள் சிலருக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும். வாங்கப் போகிறவர்கள் விரலால் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.

என் படகில் இருப்பது அக்ரிலிக்கா பாலிகார்பனேட்டா?

உள்பக்க மூலையில் பிசி அல்லது பிஎம்எம்ஏ என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். பிசி என்றால் பாலிகார்பனேட். கார் முன்விளக்கு மூடிகளில் பெரும்பாலும் அதுதான். பிஎம்எம்ஏ என்றால் அக்ரிலிக், நாம் பெர்ஸ்பெக்ஸ் என்று சொல்லும் அதே பொருள். பொறிப்பு இல்லையென்றால் நகத்தால் தட்டிப் பாருங்கள். அக்ரிலிக் கொஞ்சம் கணீரென்று கேட்கும், பாலிகார்பனேட் மந்தமாகக் கேட்கும். கையில் வளைத்தால் உருண்டு மடங்கும் மெல்லிய திரை என்றால் அது மூன்றாவது வகை, பிவிசி. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இந்த வித்தியாசம் எதற்கு என்றால், பாலிகார்பனேட் அடி தாங்கும் ஆனால் எளிதில் கீறும். அதனால் தொழிற்சாலையிலேயே மேலே ஒரு கடினப் பூச்சு போட்டு அனுப்புவார்கள். நீங்கள் தேய்ப்பது பிளாஸ்டிக்கையா, அந்தப் பூச்சையா என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

எதை வைத்துக் கழுவுவது?

நல்ல தண்ணீரை நிறைய ஊற்றுங்கள். கை வைக்காமல், உப்பும் சேறும் தானாகக் கரைந்து ஓடும் வரை ஊற்றுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, மைக்ரோஃபைபர் துணி அல்லது பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பனியன் துணி, அழுத்தாமல். திரும்பவும் தண்ணீர். டிஷ்யூவும் செய்தித்தாளும் வேண்டாம். ஓரத்தில் கெட்டியாகப் படிந்த வெள்ளை உப்புக்கறைக்கு, வெள்ளை வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்து துணியில் நனைத்துச் சில நிமிஷம் போட்டு வைத்தால் இளகிவிடும்.

வீட்டில் ஜன்னல் துடைக்கும் நீலத் தண்ணீரில் அம்மோனியா இருந்தால் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பாலிகார்பனேட்டை அது அரிக்கும். ஸ்பிரிட், பெட்ரோல், தின்னர் எதுவுமே கூடாது. பட்டறை திறந்த புதிதில் நானே ஒரு முன்தடுப்பில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கோந்தைத் தின்னரால் துடைத்தேன். துடைத்த வேகத்தில் துணி போன வழியெல்லாம் வெள்ளையாகி, கோந்து இருந்ததே தேவலை என்றாகிவிட்டது. அந்தப் பலகையைக் கைக்காசு போட்டு மாற்றிக் கொடுத்தேன். கோந்துக்குத் துணி நுனியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் போதும், உடனே சோப்புத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும்.

கொசு மருந்தை அடித்துத் துடைத்தால் தெளிவாகும் என்று காணொளியில் காட்டுகிறார்களே?

காட்டுவார்கள். கார் முன்விளக்கில் அடித்துத் துடைப்பார்கள், பளபளவென்று வரும், காணொளி அத்தோடு முடிந்துவிடும். பல கொசு மருந்துகளில் இருக்கும் டீட் என்ற சேர்மம் சில பிளாஸ்டிக்குகளைக் கரைக்கக்கூடியது. மேற்பரப்பு லேசாக இளகிக் கீறல்களை மூடுகிறது, அவ்வளவுதான். பிறகு அந்த இளகிய தோல் இன்னும் மோசமாக மங்கும்.

இதில் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. ராத்திரியில் மின்மினி பார்க்கவோ இறால் தூண்டில் போடவோ ஆற்றுக்குப் போகும்போது, கொசுவுக்குப் பயந்து கை நிறைய மருந்து பூசிக்கொண்டு அதே கையால் எல்லாவற்றையும் தொடுகிறோம். ஒரு திசைகாட்டியின் குமிழில் ஐந்து விரல் பதிவும் அச்சடித்தது போல இருந்ததைப் பார்த்திருக்கிறேன். போலீஸுக்குக் கூட அவ்வளவு தெளிவாகக் கிடைக்காது. பூசிய பிறகு உள்ளங்கையைக் கழுவுங்கள், அல்லது டீட்டுக்குப் பதிலாகப் பிக்காரிடின் கலந்த மருந்தை வாங்குங்கள். அது பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது.

பற்பசை?

வேலை செய்யும், ஓரளவுக்கு. பற்பசையில் இருப்பது பல் துலக்குவதற்கான நுண்துகள். மிக லேசான காம்பவுண்ட், அதாவது தேய்த்து மெருகேற்றும் பசை, மாதிரிதான். மெல்லிய மங்கலுக்கு வெள்ளைப் பசை பரவாயில்லை, ஜெல் வகை உதவாது. நிறையக் கீறல் இருந்தால் நேரம்தான் வீண். ஒரு சின்ன புட்டி பிளாஸ்டிக் பாலிஷ் வாங்கினால் வருஷக்கணக்கில் வரும். மெகுயர்ஸ், நோவஸ் போன்ற பெயர்களில் இணையக் கடைகளில் கிடைக்கிறது. பிளாஸ்டிக்குக்கு என்று போட்டிருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். கார் பெயின்டுக்கான கரடு காம்பவுண்ட் வேண்டாம்.

மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் கருவியின் திரை திட்டுத்திட்டாக மங்கியிருக்கிறது. அதையும் இப்படித் தேய்க்கலாமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, இதில்தான் அதிகம் பேர் காசையும் இழக்கிறார்கள். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், உண்மையிலேயே மங்கியிருக்கிறதா? ஒருவர் வந்து, "நேராப் பார்த்தா இருட்டு, தலையைச் சாய்ச்சா தெரியுது" என்றார். அவர் போட்டிருந்தது போலரைஸ்டு கூலிங் கிளாஸ். எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே ஒரே திசையில் வடிகட்டப்பட்டது. கூலிங் கிளாஸும் இன்னொரு வடிகட்டி. இரண்டும் குறுக்கே நின்றால் இருட்டு. கழற்றச் சொன்னேன், சிரித்துக்கொண்டே போய்விட்டார். இன்னொருவர் வீட்டில், தொழிற்சாலை ஒட்டி அனுப்பிய பாதுகாப்புத் தாளை இரண்டு வருஷமாக உரிக்கவே இல்லை. வெயிலில் அது குமிழ் குமிழாக எழும்பிவிட்டது. நகத்தால் உரித்ததும் உள்ளே புதுத் திரை.

அடுத்து, காலையில் மட்டும் உள்பக்கம் ஆவி பிடித்து, வெயில் ஏற ஏற மறைகிறதா? அப்படியென்றால் ரப்பர் அடைப்பு விட்டு ஈரம் உள்ளே போயிருக்கிறது. வெளியே தேய்த்து என்ன பயன்? பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

இந்த இரண்டும் இல்லை, வரைபடத்தில் தீவுகள் மாதிரி திட்டுத்திட்டாக, ஓரம் தெளிவாகத் தெரியும் மங்கல் என்றால், கூசாமல் இருக்கப் போட்ட மேல்பூச்சு உரிந்துவருகிறது. புதிய கருவிகளில் பலவற்றில் முகப்பு கண்ணாடி, அதன் மேல் மெல்லிய பூச்சு. அதில் பாலிஷ் போட்டால் மிச்சமிருக்கும் பூச்சும் ஒழுங்கில்லாமல் போய் இன்னும் அசிங்கமாகும். தொடுதிரையாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கை வைக்காதீர்கள். உத்தரவாதக் காலம் மிச்சமிருந்தாலும் அப்படியே.

பழைய வகையில் எல்சிடிக்கு முன்னால் தனியாக ஒரு பிளாஸ்டிக் முகப்பு இருக்கும். அதை மட்டும் தேய்க்கலாம். மின்சாரத்தைத் துண்டியுங்கள். சுற்றிலும் உள்ள சட்டத்தையும் பொத்தான்களையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். பாலிஷ் இடுக்கில் போய்க் காய்ந்தால் பல்குத்தும் குச்சியோடு அரை நாள் போகும். உப்புத்தாள் வேண்டாம், பாலிஷ் மட்டும். விரல் நுனியில் துணி சுற்றி, சின்ன வட்டமாக, கருவியைத் துடைக்கும் அளவு அழுத்தத்தில். அழுத்தினால் முகப்பு வளைந்து உள்ளே இருக்கும் எல்சிடியை இடிக்கும். அப்புறம் கறுப்புக் கறை விழுந்தால் அது நிரந்தரம். திட்டு திட்டான பூச்சு இருக்கும் முகப்பு என்றால், முழுப் பூச்சும் ஒரே சீராகப் போகும் வரை விடாமல் செய்ய வேண்டியிருக்கும். பாதியில் நிறுத்த முடியாது என்று தெரிந்தே இறங்குங்கள். போன பிறகு வெயிலில் முன்னைவிட அதிகமாகக் கூசும்.

நான் பலருக்குச் சொல்வது இதைவிட மலிவான வழி. மெல்லிய கீறல்கள்தான் என்றால், கைப்பேசிக்கு ஒட்டுவது போன்ற மேட் ஸ்க்ரீன் ஃபிலிம் ஒன்றை அளவாக வெட்டி ஒட்டுங்கள். அதன் பசை மயிரிழைக் கீறல்களை நிரப்பிவிடும், கூசுவதும் குறையும். தேங்காய் எண்ணெய்க் கணக்கேதான், ஆனால் இது மழையில் போகாது.

முன்தடுப்பு, விளக்கு மூடி எல்லாம் நன்றாகவே கீறியிருக்கிறது. உப்புத்தாள் போடும் முறையைச் சொல்லுங்கள்.

தேய்ப்பது என்றால் கீறலை அழிப்பதாக நினைக்கிறோம். உண்மையில் கீறலைச் சுற்றி இருக்கும் இடத்தைக் கீறலின் அடி வரை இறக்குகிறோம். ஆழமான கீறலுக்கு நிறைய இறக்க வேண்டும். நகம் ஓட்டிப் பார்த்தால் தடுக்குகிற கீறலை நான் விட்டுவிடச் சொல்வேன். ஒரே இடத்தைத் தோண்டினால் பள்ளம் விழுந்து, அதன் வழியாகப் பார்க்கும் கரையோர மரமெல்லாம் நெளியும்.

வாட்டர் பேப்பர் என்று கேட்டு வாங்குங்கள், தண்ணீரில் ஊறத்தக்க கறுப்புத் தாள். நம்பர் கூடக் கூட மென்மை. ஹார்ட்வேர் கடைக்காரர் கையில் கிடைத்ததை நீட்டுவார். 400, 600 நம்பர் தாளோடு திரும்பி வராதீர்கள். முதலில் ஒரு மூலையில் 2000 நம்பரால் முயன்று பாருங்கள். கீறல் போகிறது என்றால் அங்கிருந்தே தொடங்கலாம். போகவில்லையென்றால் 1500, அதற்கும் அடங்கவில்லையென்றால் 1000. மஞ்சள் பூத்து உரிந்த பாலிகார்பனேட்டுக்கு மட்டும் 800 வரை இறங்குவேன். எந்த நம்பரில் தொடங்கினாலும் நடுவில் தாவாமல் படிப்படியாக ஏற வேண்டும்: 800, 1000, 1500, 2000, 3000.

தாளைக் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறப்போடுங்கள், அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்பு. தட்டையான பகுதிக்குத் தாளைக் கெட்டியான ஸ்பாஞ்சில் சுற்றிப் பிடிக்க வேண்டும். விரலால் தேய்த்தால் விரல் விரலாக வரி விழும். முதல் நம்பரை இடவலமாகத் தேய்த்தால் அடுத்ததை மேலும் கீழுமாக. அப்போதுதான் முந்தைய கோடுகள் போய்விட்டனவா என்று தெரியும். அவை முழுக்க மறையும் வரை அடுத்த நம்பருக்குப் போகாதீர்கள். நம்பர் மாற்றும்போதெல்லாம் பொருளையும் கையையும் கழுவி, வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள். 1000 நம்பர் மணி ஒன்று 3000 நம்பர் தேய்ப்பில் சிக்கினால், பாடுபட்டதெல்லாம் போச்சு.

இந்தக் கட்டத்தில் முழுப் பலகையும் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்திருக்கும். நிறையப் பேர் இங்கேதான் பயந்துபோய் எனக்கு ஃபோன் செய்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஒரே சீராக வெளுத்திருந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். 2000 நம்பர் தாளின் மணி சுமார் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் அரை மைக்ரான் அளவுதான். கோடுகள் அந்த அளவுக்கும் கீழே இறங்கினால்தான் ஒளி சிதறாமல் போகும். அதைத் தாள் செய்யாது, பாலிஷ்தான் செய்யும். முதலில் கொஞ்சம் கரடானது, பிறகு மென்மையானது, ஒவ்வொன்றுக்கும் தனித் துணி.

மரநிழலில் செய்யுங்கள். வெயிலில் பாலிஷ் நிமிஷத்தில் காய்ந்துவிடும். காலையில் தொடங்கினால் மத்தியான மழைக்கு முன்னால் முடியும்.

கையால் தேய்த்து மாளவில்லை. டிரில்லில் பஃப் (மெருகேற்றும் வட்டு) மாட்டிக்கொள்ளலாமா?

மாட்டலாம், மெதுவான வேகத்தில், ஸ்பாஞ்ச் பஃப் போட்டு, ஓரிடத்தில் நிற்காமல். அக்ரிலிக் ஏறக்குறைய 105 பாகை செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். முழு வேகத்தில் அழுத்தினால் உராய்வுச் சூட்டில் சில நொடியில் அங்கே போய்விடும். மேற்பரப்பு சுருங்கி, இழுபட்டு, சர்க்கரைப் பாகு ஆறியது போல ஆகும். புறங்கையால் அடிக்கடி தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பைத் தாண்டினால் நிறுத்திவிட்டுக் கோப்பி குடியுங்கள்.

நேவிகேஷன் விளக்கின் மூடியும் மங்கல்தான். எரிகிறதே, போதாதா?

எரிவது போதாது, அடுத்த படகுக்குத் தெரிய வேண்டும். கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டின் அனைத்துலக விதிகளின்படி, 12 மீட்டருக்குக் குறைவான படகின் பக்க விளக்கு, அதாவது இடப்பக்கச் சிவப்பும் வலப்பக்கப் பச்சையும், 1 கடல் மைல் தூரத்துக்குத் தெரிய வேண்டும். பின்விளக்குக்கு 2 கடல் மைல். மூடி மங்கினால் வெளிச்சம் பக்கவாட்டில் சிதறி, தூரத்துக்குப் போகாது. சிதறுவதால் சிவப்பு தெரிய வேண்டிய கோணத்தைத் தாண்டியும் கசியலாம். இரண்டுமே எதிரே வருகிறவரைக் குழப்பும்.

7 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் வெள்ளை விளக்கு ஒன்று போதுமே என்று சிலர் வாதாடுவார்கள். அந்தச் சலுகை, மணிக்கு 7 கடல் மைல் வேகத்துக்கு மேல் போக முடியாத படகுக்கு மட்டும். 15 குதிரைத்திறன் எஞ்சின் மாட்டிய சின்ன போட் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

மூடியைக் கழற்றி மேலே சொன்ன முறையில் தேய்க்கலாம். நிறம் பிளாஸ்டிக்கில் முழுக்கக் கலந்திருப்பதால் பொதுவாகப் பாலிஷில் போகாது. ஆனால் சிவப்பு வெளுத்து ரோஸ் ஆகிவிட்டால் தேய்ப்பதில் பொருளில்லை, மூடியை மாற்றுங்கள். திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையத்தையும் பார்த்துவிடுங்கள்.

திசைகாட்டி?

குமிழ் வளைந்திருப்பதால் உள்ளே இருக்கும் எண்களைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஓரிடத்தில் அதிகம் தேய்த்தால் அந்த வளைவு கெட்டு எண்கள் நெளியும். எனவே பாலிஷ் மட்டும், எல்லாப் பக்கமும் சமமாக. உள்ளே இருக்கும் எண்ணெய் கலங்கியிருந்தாலோ காற்றுக் குமிழ் வந்திருந்தாலோ அது வேறு பழுது.

என் வாடிக்கையாளர் ஒருவர், பழைய தோட்டத்து மண்டோர் (கங்காணி), உள்ளே துணி ஒட்டிய சிரட்டையைத்தான் திசைகாட்டிக்கு மூடியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறார். கடையில் விற்கும் மூடியைவிட அது நன்றாக வெயில் தடுக்கிறது. அவருடைய குமிழ் இன்னும் புதுசு மாதிரி.

சுருட்டி இறக்கும் பிளாஸ்டிக் திரையை என்ன செய்வது?

சாப்பாட்டுக் கடைகளில் மழைக்கு இறக்கிவிடும் அதே தெளிவான பிவிசி திரைதான். உப்புத்தாளை மறந்துவிடுங்கள். இதை வளையும்படி வைத்திருப்பது அதில் கலந்த மென்மையாக்கி. வெயிலில் அது மெல்ல வெளியேறிவிடுகிறது. திரை மஞ்சளாகி, விறைத்து, மடிப்பில் வெடிக்கிறது என்றால் முடிந்துபோன கதை. லேசான மங்கலுக்கு, பிவிசி திரைக்கான பாலிஷைக் கையால் போடலாம்.

ஈரத்தோடு சுருட்டி வைத்த திரை மறுநாள் பால் நிறத்தில் இருந்தால் பதற வேண்டாம். ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது, விரித்துக் காயவிட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மடிக்காமல் சுருட்டுங்கள், நடுவே பழைய கைலித் துணி ஒன்றைப் போட்டு.

முன்தடுப்பில் வெள்ளிக்கம்பி மாதிரி நுண்ணிய கோடுகள் உள்ளே தெரிகின்றன. தேய்த்தும் போகவில்லையே?

அவை கீறல் இல்லை, வெடிப்பு. பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் மின்னும், நகத்துக்குத் தட்டுப்படாது. ஸ்க்ரூவை இறுக்கி முடுக்கிய இடத்தைச் சுற்றியும், ஸ்பிரிட்டோ பெட்ரோலோ பட்ட இடத்திலும் அதிகம் வரும். பிளாஸ்டிக்குக்குள் ஏற்கெனவே இருக்கும் இறுக்கத்தை இரசாயனம் அவிழ்த்துவிடுகிறது. பாலிஷ் அங்கே எட்டாது. பலகை பலவீனமாகிவிட்டது, மாற்ற வேண்டும்.

தேய்த்துத் தெளிவாக்கிய பிறகு எவ்வளவு நாள் தாங்கும்?

அக்ரிலிக் என்றால் ஒழுங்காகக் கழுவினால் நன்றாகவே தாங்கும். மேலே மெழுகு ஒரு பூச்சு போட்டு, கட்டி வைக்கும்போது துணி போர்த்தினால் போதும்.

பாலிகார்பனேட்டில் தொழிற்சாலைப் பூச்சைத் தேய்த்தெடுத்துவிட்டால், அம்மணமாக வெயிலில் நிறுத்தியது போல. நம் வெயிலில் சில மாதத்தில் மறுபடி மஞ்சள் பூக்கும். புற ஊதாக் கதிர் தடுக்கும் திரவத்தை மாதத்துக்கு ஒருமுறை தடவலாம். நிலையான வழி, இரண்டு பொருள் கலந்து அடிக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத மேல்பூச்சு. அதைக் கார் பெயின்ட் அடிப்பவரிடமே கொடுங்கள்; அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆபத்து, சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. வீட்டு வாசலில் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் ஸ்ப்ரே டின்னைக் குலுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஹெல்மெட் கண்ணாடிக்கும் இதே முறையா?

வேண்டாம். புதியது வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரியில் எதிர் லாரி வெளிச்சம் படும்போது தேய்த்த கண்ணாடி எப்படிச் சிதறும் என்பதைச் சாலையில் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

முன்தடுப்பை மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. எங்கே வாங்குவது, எப்படி மாட்டுவது?

தட்டையான பலகை என்றால் பெயர்ப்பலகை செய்யும் கடைக்குப் போங்கள். அக்ரிலிக் அவர்களிடம் எப்போதும் இருக்கும். மிச்சத் துண்டுகளை மலிவாகவும் தருவார்கள். பழைய பலகையைக் கழற்றி அச்சாகக் கொடுத்தால் அப்படியே வெட்டிக் கொடுப்பார்கள். கனத்தைக் குறைக்காதீர்கள், பழையது 6 மில்லிமீட்டர் என்றால் புதியதும் அதுவே.

ஓட்டை போடும்போது ஸ்க்ரூ அளவுக்கே போட்டுவிடுகிறார்கள், அதுதான் தப்பு. அக்ரிலிக் சூட்டில் விரியும். 1 மீட்டர் நீளப் பலகை, 30 பாகை சூடு ஏறினால் 2 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இடமில்லாவிட்டால் ஸ்க்ரூவைச் சுற்றி வெடிக்கத் தொடங்கும். எனவே ஓட்டை ஸ்க்ரூவைவிட இரண்டு மில்லிமீட்டராவது அகலமாக இருக்கட்டும், அடியில் ரப்பர் வாஷர், கையால் முடுக்கும் அளவு இறுக்கம். ஓட்டை போடும்போது பின்னால் ஒரு மரக்கட்டையை அணைத்துப் பிடித்து, டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள். மேலே ஒட்டியிருக்கும் தாளைக் கடைசி ஸ்க்ரூ ஏறும் வரை உரிக்காதீர்கள். ஏறியதும் உரித்துவிடுங்கள், ஒரு வாரம் வெயிலில் விட்டால் அதன் கோந்து இறுகிப்போய், நீங்கள் மறுபடி என் பட்டறை வாசலில் வந்து நிற்பீர்கள்.